ஆரியா ஆஃப் சாரோ: முடித்த பிறகு எந்த வரிசையில் ஆடுவது? (ஜூலியஸ், ஹார்ட், ஆன்மா வேட்டை, பாஸ் ரஷ்)

#1 தேய்பிறை

காசில்வேனியா: ஆரியா ஆஃப் சாரோ (கேம் பாய் அட்வான்ஸ், 2003). நார்மலில் கிரஹாம் என்ற பாஸை (பகுதிகளின் முடிவில் வரும் பெரிய எதிரி) வீழ்த்தியாயிற்று, பெயர்ப்பட்டியல் ஓடிவிட்டது. ஆனால் வரைபடத்தில் இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது, ஆன்மாப் பட்டியலிலும் (எதிரிகளைக் கொன்றால் சில சமயம் கிடைக்கும் அவர்களின் திறமைகள்) நிறைய காலியிடங்கள். இதற்குப் பிறகு திறக்கக்கூடியவை எவை, எந்த வரிசையில் ஆடினால் சலிப்புத் தட்டாது, எது நேரத்துக்குத் தகுந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். கையில் இருப்பது கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி ஒன்று, நின்டென்டோ டிஎஸ் லைட் ஒன்று. கதையை உடைத்துச் சொன்னாலும் பரவாயில்லை.

#2 கோட்டைக்காவலன்

தேய்பிறை, முதலில் ஒன்று. கிரஹாமோடு பெயர்ப்பட்டியல் ஓடியது என்றால் நீங்கள் பார்த்தது பாதி முடிவுதான். கேயாட்டிக் ரெல்ம் என்ற கடைசிப் பகுதியும் கேயாஸ் என்ற உண்மையான கடைசி பாஸும் இன்னும் பாக்கி.

கிரஹாமிடம் போகும் முன் மெனுவைத் திறந்து மூன்று ஆன்மாக்களை மாட்டுங்கள். சிவப்பு இடத்தில் ஃபிளேம் டெமன், நீல இடத்தில் ஜயன்ட் பேட், மஞ்சள் இடத்தில் சக்யுபஸ். கோட்டைக்குள் கிடைக்கும் ஏன்ஷன்ட் புக் என்ற மூன்று நூல்களும் இதைத்தான் சுற்றிவளைத்துச் சொல்கின்றன. பலர் அவற்றை எடுத்துப் பையில் போட்டுவிட்டுப் படிப்பதே இல்லை.

அந்த மூன்று ஏன் என்று கவனித்துப் பாருங்கள். ஃபிளேம் டெமன் நெருப்பைக் கக்க வைக்கும். ஜயன்ட் பேட் வௌவாலாக மாற்றும். சக்யுபஸ் நாம் அடிக்கும் அடியிலிருந்து உயிரை உறிஞ்சித் தரும். நெருப்பு, வௌவால், இரத்தம். இந்தத் தொடரை ஆடிய எவருக்கும் இது டிராகுலாவின் கையொப்பம் என்று தெரியும். நாயகன் சோமா யார் என்பதை வசனத்தில் சொல்வதற்கு முன்பே அவன் உடம்பில் நம் கையாலேயே மாட்ட வைத்துவிடுகிறார்கள். முடிவைத் திறக்கும் நிபந்தனையும் கதையும் ஒன்றாகவே அமைந்த இடம் இது. கைக்கருவி விளையாட்டுகளில் இவ்வளவு நேர்த்தியாக இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

வழக்கமாக நடக்கும் தவறு: சண்டைக்கு நடுவே அடி போதவில்லை என்று சிவப்பு இடத்தில் வேறு ஆன்மாவை மாற்றிவிடுவது. கிரஹாம் விழும்வரை மூன்றையும் கழற்றாதீர்கள். அடிக்க ஆயுதத்தையே நம்புங்கள்.

கேயாஸை வென்ற பிறகு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஜூலியஸ் (சோமாவுக்குப் பதில் சவுக்கேந்திய ஜூலியஸாக ஆடும் விதம்). பிறகு ஹார்ட் (கடின நிலை). ஹார்ட் ஆடும்போதே ஆன்மாக்களைச் சேர்த்துக்கொண்டு போய், மிஞ்சியதைக் கடைசியில் உட்கார்ந்து முடிக்கலாம். பாஸ் ரஷ் (பாஸ்களை மட்டும் அடுத்தடுத்து எதிர்கொள்ளும் விதம்) இடையிடையே எப்போது வேண்டுமானாலும்.

#3 சவுக்கடி

ஜூலியஸ் எப்படித் திறப்பது என்று யாரும் சொல்லலையே. புதுசா ஒரு விளையாட்டு தொடங்குங்க, பெயர் கேட்கும் இடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஜூலியஸ் என்று அடிங்க: ஜே, யு, எல், ஐ, யு, எஸ். அவ்வளவுதான். காலியான சேவ் இடத்தில் பண்ணுங்க, பழைய கோப்பு மேல எழுதிடாதீங்க.

இதே மாதிரி இன்னும் ரெண்டு பெயர் உண்டு. 'நோ', 'சோல்' ரெண்டையும் இடைவெளி விடாமல் சேர்த்து அடிச்சா (என், ஓ, எஸ், ஓ, யு, எல்) ஆன்மாக்களின் துணை இல்லாத ஆட்டம். 'நோ', 'யூஸ்' சேர்த்து அடிச்சா (என், ஓ, யு, எஸ், இ) மருந்து, சாப்பாடு எதையும் பயன்படுத்த முடியாத ஆட்டம்.

ரெண்டாவது கேட்க எளிதா இருக்கும். ஆனா பாஸ் அறைக்குள்ள பாதி உயிரோட நுழையிற பழக்கம் இருந்தா அங்கே மாட்டிக்குவீங்க. சேவ் அறை உயிரையும் மந்திர சக்தியையும் முழுசா நிரப்பும், அதனால பாஸுக்கு முன்னாடி ஒரு சேவ் அறையைத் தொட்டுட்டுப் போற மாதிரி பாதையைப் போட்டுக்குங்க.

#4 கோட்டைக்காவலன்

ஜூலியஸ் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாக. இந்த இழையின் கேள்விக்கு உண்மையான பதில் அவன்தான்.

சோமாவாக ஆடும்போது கோட்டை ஒரு பூட்டுப் பெட்டி. கிரேவ் கீப்பர் ஆன்மா கிடைத்தால்தான் பின்னால் வழுக்க முடியும். மால்ஃபாஸ் வந்தால்தான் இரட்டைத் தாவல். ஸ்கெலிடன் பிளேஸ் வந்தால்தான் தரையோடு சறுக்கல். ஒவ்வொரு திறமையும் ஒரு சாவி. ஜூலியஸுக்கு இந்தச் சாவிகள் தேவையில்லை. நடமாட்டத் திறமைகளோடேயே வருகிறான். அதே சுவர், அதே ஏணி, அதே கடிகாரக் கோபுரம், ஆனால் வாசல்கள் திறந்தே கிடக்கின்றன.

அதைவிட முக்கியமான மாற்றம் வளர்ச்சியில் இருக்கிறது. ஜூலியஸ் சாதாரண எதிரிகளைக் கொன்று லெவல் ஏறுவதில்லை, பாஸ்களை வீழ்த்தும்போதுதான் பலமடைகிறான். விளைவைப் பாருங்கள். சோமாவாக ஆடும்போது வழியில் நிற்கும் ஒவ்வோர் எலும்புக்கூடும் அனுபவப் புள்ளி, கூடவே ஓர் ஆன்மா கிடைக்கும் வாய்ப்பு. ஜூலியஸுக்கு அதே எலும்புக்கூடு வெறும் தடை. அடிக்காமல் தாண்டிப் போவதுதான் லாபம். முதல் ஆட்டத்தில் நின்று நின்று அடித்த தாழ்வாரத்தை இப்போது ஒரே மூச்சில் கடப்பீர்கள். எதிரிகளை நிறுத்தியிருக்கும் இடைவெளியே அப்போதுதான் கண்ணில் படும்.

நடைமுறையில்: கிரீக்கிங் ஸ்கல், மேன்டிகோர், கிரேட் ஆர்மர், பிக் கோலம் என்று கதையில் முன்னால் வருபவர்களை முதலில் முடியுங்கள். வழி திறந்திருக்கிறதே என்று நேராக டெத்திடமோ லீஜியனிடமோ போனால் உங்கள் அடி போதாது, சண்டை இழுத்துக்கொண்டே போகும். சவுக்கின் நீளம்தான் அவன் பலம். எதிரியின் கைக்கெட்டாத தூரத்தில் நின்று அதன் நுனியால் அடிக்கும் இடைவெளியைப் பழகுங்கள். கோடாரி மேலே நிற்பவர்களுக்கு, புனித நீர் தரையில் ஊர்பவர்களுக்கு. சிலுவை போய்த் திரும்பி வரும்போதும் அடிப்பதால் பருத்த உடம்புள்ள பாஸ்களுக்கு அதுதான் சரி.

#5 மெய்க்கணக்கு

ஆன்மா வேட்டைக்கு வருகிறேன். பலர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். ஆட்டம் கடினம் என்பதால் அல்ல, கணக்குத் தெரியாததால்.

ஓர் எதிரியின் ஆன்மா 64க்கு 1 என்ற வாய்ப்பில் விழுகிறது என்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 64 முறை கொன்றால் நிச்சயம் கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 64 முறையில் கிடைத்திருக்க வாய்ப்பு 63 விழுக்காடு. 128 முறையில் 87. ஏறக்குறைய நிச்சயம், அதாவது 99 விழுக்காடு வேண்டுமானால் 292 முறை. ஒரு சுற்றுக்கு 6 விநாடி என்றால் 292 சுற்றுக்கு 29 நிமிடம். அதே வாய்ப்பு இரட்டிப்பாகி 32க்கு 1 ஆனால் 145 சுற்றுகள், கால் மணி நேரத்துக்குள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. இதுவரை 100 கொன்றாயிற்று என்பதால் அடுத்தது நெருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆகவே குறைக்க வேண்டியவை இரண்டு: ஒரு சுற்றின் நேரம், தேவைப்படும் சுற்றுகளின் எண்ணிக்கை.

நேரத்துக்கு: எதிரி வாசலை ஒட்டி நிற்கும் அறையைத் தேடுங்கள். அறையைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைந்தால் எதிரி திரும்ப முளைத்துவிடும். உள்ளே, ஓர் அடி, வெளியே. இரண்டு அடி தேவைப்படும் எதிரி என்றால் அங்கே வேட்டையை நிறுத்திவிட்டு, இன்னும் வலுவான ஆயுதத்தோடு பிறகு வாருங்கள். இதனால்தான் அரிய ஆன்மாக்களை முதல் ஆட்டத்தின் நடுவில் தேடக்கூடாது என்கிறேன். அதே எதிரி பிற்பாடு ஒரே அடியில் விழும்.

எண்ணிக்கைக்கு: லக் (அதிர்ஷ்டம்) என்ற பண்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. வணிகர் ஹேமரின் கடையில், ஆன்மா விழும் வாய்ப்பைக் கூட்டும் சோல் ஈட்டர் ரிங் 3,00,000க்கு விற்கிறது. விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். வேட்டையில் விழும் ஆயுதங்கள், கவசங்கள் ஒன்றுக்கு மேல் சேரும்போது ஹேமரிடமே விற்றுவிடுங்கள், மெழுகுவத்திகளை விடாமல் உடையுங்கள். ஒரு முழு ஆட்டமும் ஹார்டும் சேர்ந்தால் பணம் சேர்ந்துவிடும். அரிய ஆன்மாக்கள் பத்துப் பதினைந்து மிஞ்சி நிற்கும் கட்டத்தில்தான் இந்த மோதிரம் தன் விலையை மீட்டுத் தரும். எளிதில் விழுபவற்றுக்கு அது தேவையே இல்லை.

எல்லா ஆன்மாவும் சேர்ந்தால் கேயாஸ் ரிங் கிடைக்கும். மந்திர சக்திக்குத் தட்டுப்பாடே இருக்காது. அதைப் போட்டுக்கொண்டு பலேர், லீஜியன் போன்ற பெரிய சிவப்பு ஆன்மாக்களை மூச்சுவிடாமல் பொழியலாம்.

#6 பழையசவுக்கு

மெய்க்கணக்கின் கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கே என் வாதத்துக்குச் சாட்சி. 292 முறை ஒரே வாசலில் நுழைந்து வெளியேறுவது மறுவிளையாட்டு ஆகாது, உழைப்பு. அதன் முடிவில் கிடைக்கும் மோதிரத்தை மாட்டும்போது அடிக்க யாரும் மிச்சமில்லை.

மறுபடி ஆடத் தூண்டும் விதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதே கருவியில் 2001இல் வந்த, இதே தொடரின் சர்க்கிள் ஆஃப் த மூன் சிறந்த உதாரணம். அங்கே ஒரு முறை முடித்தால் அடுத்த விதத்துக்கான பெயர் கிடைக்கும். அதை முடித்தால் அதற்கடுத்தது. சங்கிலி போல மொத்தம் ஐந்து ஆட்டங்கள்.

முதலில் வழக்கமான வாம்பயர் கில்லர். அடுத்து ஃபயர்பால் என்று பெயர் கொடுத்தால் மெஜிஷியன். அதன் பிறகு கிரேடியஸ் என்றால் ஃபைட்டர். கிராஸ்போ என்றால் ஷூட்டர். கடைசியாக டேகர் என்றால் தீஃப்.

இதன் அழகு என்னவென்றால், முதல் ஆட்டத்தின் மையமே அட்டைகள். மெர்க்குரி, வீனஸ், ஜூபிடர் என்று செயல் அட்டைகள் 10. சாலமாண்டர், செர்பன்ட், மாண்ட்ரகோரா என்று தன்மை அட்டைகள் 10. ஒன்றோடு ஒன்று சேர்த்தால் 100 சேர்க்கைகள். மெர்க்குரியும் சாலமாண்டரும் சேர்ந்தால் சவுக்கில் நெருப்பு, மெர்க்குரியும் செர்பன்டும் என்றால் பனி. அட்டைகளை எதிரிகள் அரிதாகத்தான் போடுவார்கள், அதனால் முதல் ஆட்டத்தில் பெரும்பாலோர் அந்த 100இல் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டாம் ஆட்டமான மெஜிஷியனில் 20 அட்டைகளும் தொடக்கத்திலேயே கையில், ஆனால் உடல் பலம் குறைவு. முதல் ஆட்டத்தில் எட்டாமல் போனதை எல்லாம் தொட்டுப் பார்க்கலாம். மூன்றாவதான ஃபைட்டரில் அட்டைகளே கிடையாது, வெறும் தோள்பலம். நான்காவதில் எறியும் ஆயுதங்கள் மட்டும் பெருத்துவிடும். இலக்கைத் தேடிப் போகும் கத்தி அந்த விதத்துக்கே உரியது. ஐந்தாவதில் உடம்பு நோஞ்சான், லக் மட்டும் வானளவு. முன்பு கண்ணாமூச்சி காட்டிய பொருட்கள் எல்லாம் மழையாக விழும்.

ஒரே கோட்டை, ஐந்து விதமான கைகள். ஆரியாவில் உண்மையிலேயே வேறு ஆட்டம் என்று சொல்லத் தக்கது ஜூலியஸ் ஒருவன்தான்.

#7 நீலஆன்மா

பழையசவுக்கு சொல்றதுல உண்மை இருக்கு, ஆனா முழுசா ஏத்துக்க முடியல. சர்க்கிளில் அஞ்சு விதம் இருக்கலாம், பாதை அஞ்சிலும் ஒண்ணுதான். அஞ்சு தடவையும் திறமைகளை அதே வரிசையில் எடுத்தாகணும். மூணாவது ஆட்டத்திலேயே கால்கள் தானா போகும், கண் தூங்கிடும். ஜூலியஸில் பாதையே உடையுது. எண்ணிக்கையைவிட அதுதான் பெரிய விஷயம்.

ஆன்மா வேட்டையையும் வெறும் உழைப்புன்னு தள்ளிடாதீங்க. ஒவ்வொரு ஆன்மாவும் ஒரு புது விளையாட்டுப் பொருள். வெயிட்டர் ஸ்கெலிடன் ஆன்மா எடுத்தா சுடச்சுட குழம்புத் தட்டை எறியலாம். மெடூசா ஹெட் எடுத்தா நடுவானத்துல அப்படியே நிக்கலாம். ஜயன்ட் கோஸ்ட் எடுத்தா எதிரி எறியிறதைத் தடுக்கலாம். கில்லர் மேன்டில் எதிரியோட உயிர் அளவையும் மந்திர அளவையும் இடம் மாத்திடும். எதிரியோட தந்திரம் எதுவோ அதுவே நம்ம கைக்கு வருது. அதுக்குமேல ஹெட்ஹன்டர் ஆன்மா இருக்கு, சேர்த்த ஆன்மா கூடக்கூட நம்ம பலமும் கூடும். அப்போ வேட்டையோட பலன் கடைசி மோதிரம் மட்டும் இல்ல, வழி முழுக்க வந்துகிட்டே இருக்கு.

நான் சொல்றது, 100 விழுக்காட்டை இலக்கா வைக்காதீங்க. புதுசா ஒரு எதிரியைப் பார்த்தா அதோட ஆன்மா விழும்வரை ஒரு அஞ்சு நிமிஷம் முயற்சி பண்ணுங்க. விழலையா, நகருங்க.

2002இல வந்த ஹார்மனி ஆஃப் டிஸனன்ஸை யாரும் சொல்லல. அதுல மாக்ஸிம்னு பெயர் கொடுத்தா நாயகன் ஜஸ்ட்டோட நண்பன் மாக்ஸிமாவே ஆடலாம், வேகம் அலாதி. மந்திரமில்லாத ஆட்டத்துக்கும் கடின ஆட்டத்துக்கும் தனிப் பெயர்கள் உண்டு. தொடக்கத்துல கோனாமி சின்னம் தெரியும்போது மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ அழுத்தினா பாஸ் ரஷ்ல பழைய சைமன் வருவார், முதல் விளையாட்டில் இருந்த அதே கட்டம் கட்டமான உருவத்தோட. ஜஸ்ட்டோட அறைக்கு மேசை, நாற்காலி எல்லாம் கோட்டை முழுக்கத் தேடிச் சேர்த்து வைக்கலாம். சண்டைக்கு அதனால ஒரு பயனும் இல்ல. ஆனாலும் ஒழிஞ்ச மூலையை எல்லாம் தட்டிப் பார்க்க வைக்குது.

#8 ஈயப்பற்று

கருவி பற்றிச் சில குறிப்புகள். தேய்பிறை எஸ்பியும் டிஎஸ் லைட்டும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆரியாவில் ஆன்மாக்களை இருவர் பரிமாறிக்கொள்ளலாம். அதற்கு இணைப்புக் கேபிள் வேண்டும், இரண்டு பக்கமும் கேம் பாய் அட்வான்ஸோ எஸ்பியோ வேண்டும், இரண்டு கேசட்டும் வேண்டும். டிஎஸ் லைட்டின் கீழ்த்துளையில் கேசட் ஓடும், ஆனால் கேபிள் செருக வாயே இல்லை. ஆகவே உங்கள் இரண்டு கருவிகளுக்கு இடையில் பரிமாற்றம் நடக்காது. மைக்ரோ வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அதன் வாய் அளவு வேறு, தனிக் கேபிள் தேவைப்படும். ஒரே ஆன்மா இரண்டு மூன்று சேர்ந்தால் இந்த விளையாட்டில் அதற்குக் கூடுதல் பலம் கிடையாது, பரிமாற்றத்துக்கு மட்டுமே உதவும்.

திரை: எஸ்பியில் இரண்டு வகை உண்டு. 001 முன்பக்க வெளிச்சம், 101 பின்பக்க வெளிச்சம். பின்புறச் சீட்டில் எண் இருக்கும். ஆரியா 001இலும் நன்றாகத் தெரியும். சர்க்கிள் ஆஃப் த மூன் விளக்கே இல்லாத முதல் கருவியோடு வந்தது, வண்ணங்கள் மிக இருண்டவை. அதை டிஎஸ் லைட்டிலோ 101இலோ ஆடுவது கண்ணுக்கு நல்லது. ஹார்மனியில் வண்ணங்களை வெளிறச் செய்து ஜஸ்ட்டைச் சுற்றி நீலக் கோடு போட்டதும் அந்த இருட்டுக்கு வந்த மறுமொழிதான்.

பழைய கேசட் வாங்குகிறவர்கள் கவனிக்க: போலிகள் ஏராளம். ஆட்டம் ஓடும், சேவ் நிற்காது. இருபது மணி நேர ஆன்மா வேட்டை ஒரு நாள் காலையில் காணாமல் போகும். பார்க்க வேண்டியவை: அசல் கேசட்டின் முன் ஒட்டியில் இரண்டு இலக்க எண் ஒன்று அழுத்தப் பதிந்திருக்கும். மை இருக்காது, வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். தங்கமுலாம் பூசிய முனைகளுக்குச் சற்று மேலே பலகையில் நின்டென்டோ என்ற எழுத்து அச்சாகியிருக்கும், கேசட்டின் வாய் வழியாகவே பார்க்கலாம். ஒட்டியின் நிறம் பளிச்சென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், போலிகளில்தான் அது இன்னும் பளபளக்கும்.

சேவ் செய்து, கருவியை அணைத்து, கேசட்டை வெளியே எடுத்து, ஒரு நாள் கழித்துப் போட்டுப் பாருங்கள். அதில் தேறினால்தான் நீண்ட வேட்டையைத் தொடங்க வேண்டும்.

#9 தேய்பிறை

மிக்க நன்றி. மூன்று ஆன்மாவும் மாட்டி கேயாட்டிக் ரெல்முக்குள் நுழைந்தாயிற்று. அதற்கு முன் ஜூலியஸ் எதிரியாக வந்த சண்டைக்கு எந்த பாஸும் இணையில்லை. இரண்டு கேள்விகள். 2021இல் வந்த அட்வான்ஸ் கலெக்‌ஷனில் ஆடினால் வேட்டை எளிதாகுமா? பெரிய வாள்களின் அடி பலமாக இருக்கிறது, ஆனால் வீசி முடிக்கும்வரை நகர முடியவில்லை. அதற்கு வழி உண்டா?

#10 மெய்க்கணக்கு

கலெக்‌ஷனில் சர்க்கிள், ஹார்மனி, ஆரியா மூன்றும் உண்டு, கூடவே சூப்பர் நின்டென்டோவின் டிராகுலா எக்ஸ். ஆரியாவுக்கு ஒரு துணைக் காட்டி இருக்கிறது. எதிரியின் ஆன்மா உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று திரையோரத்தில் காட்டும். பட்டியலைத் திறந்து திறந்து மூடும் வேலை மிச்சம். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

நினைத்த நொடியில் சேவ் செய்வதும் பின்னோக்கிச் சுற்றுவதும் உண்டு. இதில் பலர் சறுக்குவார்கள். எதிரி விழுந்தது, ஆன்மா வரவில்லை, இரண்டு விநாடி பின்னால் சுற்றி அதே கணத்தில் அதே அடி. முடிவும் அதேதான் வரும். குலுக்கல் எண்ணும் சேர்ந்தே பின்னால் போய்விடுவதுதான் காரணம். சுற்றிய பிறகு ஒரு கணம் தாமதித்து அடியுங்கள், அல்லது ஒரு முறை தாவிவிட்டு அடியுங்கள். அப்போதுதான் சீட்டு மாறும்.

#11 சவுக்கடி

பெரிய வாள் கேள்விக்கு: தரையில நின்னு வீசாதீங்க. தாவுங்க, கீழே இறங்கும்போது காலு தரையைத் தொடுறதுக்குச் சற்று முன்னாடி அடிங்க. வாள் எதிரி மேல பட்ட உடனே காலு தரையைத் தொடும், தொட்டதும் மிச்ச வீச்சு ரத்தாகிடும், உடனே நகரலாம். நேரம் தவறி உயரத்திலேயே அடிச்சா வாள் எதிரி தலைக்கு மேல போயிடும். ரொம்பத் தாமதிச்சா தரை வீச்சாகி மாட்டிக்குவீங்க. முதல் தாழ்வாரத்து எலும்புக்கூடுகள் மேல பத்து நிமிஷம் பழகினா கை பிடிச்சுக்கும்.

குத்துக் கத்தி மாதிரி சின்ன ஆயுதத்துக்கு எல் பொத்தான். அடிச்ச உடனே பின்னால வழுக்கினா மிச்ச அசைவு ரத்து. அடி, வழுக்கு, முன்னால ஓரெட்டு, அடி. டெத் சண்டையில சுத்தி வரும் அரிவாள்களுக்கு நடுவே இது நல்லா உதவும்.

#12 பழையசவுக்கு

நீலஆன்மாவுக்கு: பாதை உடைவது பற்றிய உங்கள் வாதம் வலுவானது, ஏற்கிறேன். சர்க்கிளில் ஐந்து விதமும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. ஆனாலும் ஃபைட்டரில் பேட்டில் அரீனாவை ஆடிப் பாருங்கள். அந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் மந்திர சக்தி வற்றிவிடும், அட்டைகள் பயனற்றவை. மெஜிஷியனுக்கு அது மரணக்குழி. ஃபைட்டருக்கோ இழக்க எதுவும் இல்லை, இயல்பாக நடந்து போகலாம். ஓரிடத்தின் கடினம் ஆடும் விதத்தைப் பொறுத்துத் தலைகீழாகிறது. தடம் மாறாவிட்டாலும் இடத்தின் பொருள் மாறுகிறது.

#13 கோட்டைக்காவலன்

இருவரும் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு முனையிலிருந்து பிடித்திருக்கிறீர்கள். பிற்பாடு டிஎஸ்ஸில் வந்தவை இரண்டையும் கலந்தன. 2005இன் டான் ஆஃப் சாரோவில் ஜூலியஸோடு யோகோவும் அலுகார்டும் சேர்ந்து மூவரையும் மாற்றி மாற்றி ஆடலாம். அங்கே ஒரே ஆன்மா பல சேர்ந்தால் பலம் கூடும், ஆகவே வேட்டைக்குக் கணக்கே வேறு. 2006இன் போர்ட்ரெய்ட் ஆஃப் ரூயினில் ரிக்டரும் மரியாவும் ஒரு விதம். சகோதரிகள் இருவரையும் தொடுதிரைக் குச்சியால் ஆடுவது இன்னொரு விதம். கடின ஆட்டத்தில் லெவல் எங்கே நிற்க வேண்டும் என்று நாமே வரம்பு போடலாம், 1 என்றுகூட. 2008இன் ஆர்டர் ஆஃப் எக்லீஷியாவில் ஆல்பஸாக ஆடும் விதம். தேய்பிறை, டிஎஸ் லைட் இருப்பதால் இவை எல்லாம் உங்கள் கைக்கு எட்டும். ஆனால் ஆரியாவை முழுதும் முடித்துவிட்டு டானுக்குப் போங்கள், கதை அங்கிருந்துதான் தொடர்கிறது.

பாஸ் ரஷ் பற்றி ஒரு வரி. வேகமாக முடிக்க முடிக்கப் பரிசு உயரும், உச்சத்தில் பாசிட்ரான் ரைஃபிள் என்ற துப்பாக்கி. உயிரைக் காத்து ஆடினால் அது கிடைக்காது. அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று நெருங்கி நின்று, நேரத்தைத்தான் காக்க வேண்டும். கிரேட் ஆர்மர், பிக் கோலம் போன்ற மெதுவானவர்களிடம் விநாடிகள் கரையும், உங்கள் மிக வலுவான சிவப்பு ஆன்மாவை அங்கே செலவழியுங்கள்.

#14 தேய்பிறை

கடைசியாக ஒன்று. ஹார்டை ஏற்கெனவே சேர்த்தவற்றோடு தொடங்குவதா, வெறுங்கையோடா?

#15 கோட்டைக்காவலன்

முதல் ஹார்ட் என்றால் வெறுங்கையோடு, புதிய கோப்பில். சேர்த்து வைத்த ஆயுதத்தோடு போனால் முதல் பாதி முழுக்க எதிரிகள் ஒரே அடியில் சாய்வார்கள், ஹார்ட் என்பதே தெரியாது. டெத் வரும் இடத்தில்தான் விழித்துக்கொள்வீர்கள். வெறுங்கையோடு போனால் கோடாரி ஏந்திய ஆக்ஸ் ஆர்மர் ஒருவனே உங்களை நிறுத்திவிடுவான், அவனை ஒழுங்காகக் கற்றாக வேண்டும்.

ஆன்மாப் பட்டியலை நிரப்பும் கோப்பு வேறாகவே இருக்கட்டும். அதை ஒரு முறை ஹார்டில் டெத் வரை கொண்டு போங்கள், டெத் சிக்கிள் என்ற அரிவாள் ஹார்டில் அவனிடமிருந்து மட்டுமே கிடைக்கும். கிரஹாம் அறைக்கு வெளியே மூன்று ஆன்மாவையும் மறுபடி சரிபார்த்துவிட்டு உள்ளே போங்கள்.